பட்சி பறக்கும் தூரம்

தமிழ் நாட்டில் புதுப்பட்டிகளுக்குக் குறைவில்லை. வத்திராயிருப்பை அடுத்திருப்பதால் இது வ. புதுப்பட்டி ஆயிற்று. முன்னால் அந்த ஓர் எழுத்து இல்லாவிட்டால் இவ்வூர்க் கடிதங்கள் எங்கெங்கே சுற்றுமோ, யார் கண்டார்! மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, அதிலே சதுரகிரி. சுற்றிலும் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும். பிளவக்கல் அணையில் நீர் நிறைந்தால் ஊரே முகம் மலர்கிறது. இங்கிருந்து ஆகாய மார்க்கமாகச் சென்னைக்குப் போனால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். ரயில் பாதையோ 490 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானத்துக்கு அரை மணி போதுமே என்று நேயர்கள் கேட்கலாம். போதாது. ஏறுவதற்குச் சிறிது நேரம், இறங்குவதற்கு அதைவிடச் சற்று அதிகம். முழு வேகத்தில் செல்வது இடையில் கொஞ்ச நேரந்தான். மீனம்பாக்கத்தில் முன்னால் வந்தவை இறங்கும் வரையில் வட்டமிட நேர்ந்தால் அதையும் கூட்டிக் கொள்ள வேண்டும். ஆகவே ஏறக்குறைய ஒரு மணி நேரம். உந்து விசிறி வைத்த சிறு விமானமானால் இன்னும் கால் மணி கூடும்.

பூமியில் ஆகும் நேரமோ வேறு. புதுப்பட்டியிலிருந்து விமான நிலையம் உள்ள பெருங்குடிக்குச் சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர். பஸ் மாறிப் போவதற்கு இரண்டு மணிக்கு மேல். அங்கே சோதனைகளுக்காக ஒரு மணிக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். சென்னையில் இறங்கியபின் நகரத்து நெரிசல். ஒரு மணிப் பிரயாணம் ஆறு மணியாகிவிடுகிறது! ஸ்ரீவில்லிபுத்தூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். சாதாரணக் காரியங்களுக்கு ரயிலே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

இன்னொரு விநோதம்: மதுரையிலிருந்து சென்னையைவிடக் கொழும்பு விமான நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்தான்! 2012-ல் அவ்வழியில் விமானம் விட்டபோதுதான் பலர் இதைக் கவனித்தார்கள்.

ஆனால் எல்லாக் காரியங்களும் சாதாரணக் காரியங்கள் அல்லவே. இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறார்கள். விடியற்காலையில் தாயார் காலமான செய்தி வருகிறது. இரவு வண்டிக்குக் காத்திருந்தால் மறுநாள் காலைதான் ஊர். கொள்ளி வைக்க வேண்டிய மகன் அப்போது கட்டணத்தை விசாரிப்பதில்லை. முற்பகல் விமானத்தில் இடம் கிடைத்தால், பெருங்குடியில் இறங்கி, வாடகைக் காரில் திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் என்று விரைந்து, பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறான். அதுவரை பந்துக்கள் பாடையைத் தூக்காமல் காத்திருக்கிறார்கள்.