விழுந்தால் அது எங்கே போகும்?

2023 மார்கழியில் அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் வசிக்கும் என் அக்காவின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். போய் இறங்கிய இரண்டாம் நாளே அக்கா என்னைச் சமையலறைக்குள் அழைத்துத் தாழ்ந்த குரலில் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்.

"இவன் கடலுக்குள்ள கொண்டுபோய் ஓட்ட என்னவோ மெஷின் ஒண்டு வாங்கப் போறானாம். நீ சொன்னாக் கேப்பான். வேணாம் எண்டு சொல்லு."

மருமகனுக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு ஆண்டுகள் சேமித்த பணம் கையில் இருந்தது. மறுப்பதற்கு முன்னர் விடயத்தை விளங்கிக்கொள்வோம் என்று அவன் அருகில் போய் அமர்ந்தேன். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் இருப்பவனுக்கு அது தொற்றிய நோய்.

அவன் வாங்க விரும்பியது, சுற்றுலாக் கடற்கரைகளில் நாம் கண்டிருக்கும், இருக்கையில் அமர்ந்து ஓட்டும் ஜெட் ஸ்கீ அன்று. இதற்கு இருக்கையே கிடையாது. பின்புறத்தில் குழிந்த ஒரு தட்டு இருக்கிறது. ஓட்டுபவர் அதில் நிற்க வேண்டும். கைபிடி, மேலும் கீழும் அசையும் ஒரு நீண்ட தண்டின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே உள்ள பம்ப் அடியிலிருந்து கடல்நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்ச, அந்த உதைப்பில் கலம் பாயும். அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான கிளேட்டன் ஜேக்கப்சன் என்பவர் கண்டுபிடித்த இந்த வடிவத்தை 1970களின் முற்பகுதியில் கவாசாகி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெட் ஸ்கீ என்பது உண்மையில் அந்த நிறுவனத்தின் வணிகப் பெயர். 1990இல் யமஹா 'சுப்பர் ஜெட்' என்ற கலத்துடன் வந்தது. அமைதியான ஏரிகளில் ஓடத் தொடங்கிய இக்கலங்களைக் கடலலைக்குக் கொண்டுபோய், அலையின் முகத்தில் ஏறி, வானில் எழும்பி, மீண்டும் விழுவதை ஒரு தனி விளையாட்டாகவே வளர்த்துவிட்டார்கள்.

மருமகன் எஞ்சினைப் பற்றி அதிகம் பேசவில்லை. 'ஹல்' என்று அவர்கள் சொல்லும் அடிக்கூட்டைப் பற்றியே ஓயாமல் பேசினான். எஞ்சினைப் பின்னர் மாற்றலாம், பம்பை மாற்றலாம். அடிக்கூடு பிழைத்தால் எல்லாமே பிழைத்துவிடும் என்றான். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

அவன் கண் வைத்திருந்தது ஒரு பழைய விலைக்கூடு. காபன் இழையால் கையால் இழைக்கப்பட்டது. மிகக் குட்டையானது. நிறை மிகக் குறைவு. அணியம் வாழைப்பழம்போல மேல்நோக்கி வளைந்திருந்தது. அந்த வளைவை 'றொக்கர்' என்கிறார்கள். றொக்கர் கூடினால் கலம் சட்டென்று மூக்கைத் தூக்கும். தட்டையான நீரிலிருந்தே எழும்பிப் பின்புறமாகக் குத்துக்கரணம் அடிக்கலாம். அவன் காட்டிய காணொளிகளில் அப்படித்தான் அடித்தார்கள்.

"இதில எத்தனை காணொளி கடலில எடுத்தது?" என்று கேட்டேன்.

அவன் எண்ணிப் பார்த்தான். ஒன்றுகூட இல்லை. எல்லாம் குளமும் ஆற்று முகமும்தான்.

அலைக்கும் வளைவு வேண்டும். செங்குத்தான அலையிலிருந்து இறங்கும்போது தட்டையான அணியம் நீருக்குள் புதைந்துவிடும். ஆனால் வளைவு மிகையானால் வேறு சிக்கல். நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பகுதி குறுகிவிடுவதால், வேகமெடுத்ததும் கலம் தவளைபோல் குதிக்கும். நேர் கோட்டில் நில்லாது. உடைந்த அலையின் வெண்ணுரையில் பாதி காற்று. பம்ப் காற்றை விழுங்கினால் உதைப்பு அற்றுப்போகும். அடுத்த அலை வருமுன்னர் வெளியேற வேண்டிய அதே கணத்தில் கலம் கைவிட்டுவிடும். ஆகவே கடலுக்குக் கூடு தேடுபவர்கள் அளவான வளைவும், புதையாமல் மிதந்தெழும் அகன்ற அணியமும், நீரைப் பற்றி ஓடப் போதிய நீளமும் பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, 2005ஆம் ஆண்டில் எழுதாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் திருக்கோவில். 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை எங்கள் கரையிலிருந்த வள்ளங்களையெல்லாம் நொறுக்கியது. அடுத்த ஆண்டு உதவிப் படகுகள் வந்தன. நாடு முழுவதும் புதிய பட்டறைகள் முளைத்து, அவசர அவசரமாகக் கண்ணாடி இழைப் படகுகளை வார்த்துத் தள்ளிய காலம் அது. அவற்றுள் பல தரம் குறைந்தவை என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சுட்டிக்காட்டியது. எங்கள் ஊருக்குப் படகு கொடுத்த நிறுவனத்தின் கையளிப்பு விழாவுக்கு நானே செய்தியாளனாகப் போனேன். எத்தனை படகுகள், யார் தலைமை, யார் நன்றியுரை என்று எழுதினேன். வரிசையாக நிறுத்திய படகுகளின் படமும் வெளிவந்தது. அவற்றுள் ஒன்று என் தம்பியினுடையது. அதன் அணியம் தாழ்ந்திருப்பதை நான் பார்க்கவில்லை. பார்த்த தம்பி அப்போதே சொன்னான். "கும்பிட்டு வாங்கின சாமான், குறை சொல்லேலாது அண்ணன்" என்று முடித்தும்விட்டான்.

2006 தை மாதம், வாடைக்காற்று ஓயாத ஒரு காலையில், கரையலையைக் கடக்கும்போது அந்த அணியம் புதைந்தது. படகு குறுக்கே திரும்பிப் புரண்டு அவன்மீதே விழுந்தது. உயிர் தப்பினான். இடுப்பெலும்பு முறிந்தது. இன்றுவரை சாய்ந்துதான் நடக்கிறான். அக்காவின் அச்சம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் படகைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கொடுத்தவர்கள் மனம் நோகும், இனி வருவதும் வராமல் போகும் என்று அன்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிரவு மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். காணொளியில் அந்தக் குட்டைக் கூட்டைக் காட்டினோம். அவன் வெகுநேரம் பார்த்தான். வேகத்தையோ விலையையோ கேட்கவில்லை.

"மருமகன், நீங்க விழுந்தா அது எங்க போகும்?"

மருமகன் விளக்கினான். மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். விழுந்ததும் அது கழன்று எஞ்சின் நின்றுவிடும். கலம் மிதக்கும்.

"அலைக்குள்ள மிதக்கிறது சும்மா நிக்காது. ஒண்டில் கரைக்குப் போகும், இல்லாட்டி உங்கட தலைக்கு வரும். எவ்வளவு பாரம்? நீந்திப் போய்ப் பிடிச்சு ஏற எவ்வளவு நேரம்? அதுக்குள்ள அடுத்த திரை வந்திடுமா?"

இந்தக் கேள்விகளை மருமகன் அதுவரை கேட்டிருக்கவில்லை. நானும்தான். காணொளிகள் எல்லாம் கலம் பறக்கும் இடத்தில் தொடங்கி இறங்கும் இடத்தில் முடிந்துவிடுகின்றன. விழுந்தவன் நீந்திப்போய், பின்தட்டில் வயிற்றால் ஏறி, எஞ்சினை உயிர்ப்பித்து, முழங்காலிட்டு, பின்னர் எழுந்து நிற்கும் காட்சியை யாரும் படம் பிடிப்பதில்லை.

அந்தக் கேள்விகளோடு மீண்டும் பட்டியலைப் பார்த்தோம். 2017இல் வந்த கவாசாகியின் 1,500 சீசீ கலம் சுமார் 250 கிலோ. நேராக விரைவதற்குச் சிறந்தது, ஆனால் அலைக்குள் ஒருவர் தனியாகக் கையாளக் கூடியதன்று. 2021இல் வந்த நான்கு அடிப்பு எஞ்சின் கொண்ட புதிய சுப்பர் ஜெட் சுமார் 170 கிலோ, 2.43 மீற்றர். 2020 வரை வெளிவந்த இரண்டு அடிப்பு எஞ்சின் சுப்பர் ஜெட் சுமார் 140 கிலோ, 2.24 மீற்றர். காபன் கூடு இவையனைத்திலும் இலேசானது. ஆனால் புதிதாக ஓட்டக் கற்பவன் அதில் நிற்பதற்கே படாதபாடு பட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அவனுடைய நண்பர் ஒருவர் தமது இரு கலங்களையும் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். ஒன்று குட்டைக் கூடு, மற்றையது பழைய சுப்பர் ஜெட். மருமகனிடம் அதற்குரிய அனுமதிப்பத்திரம் இருந்தது. உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அணிந்திருந்தான். நீந்துவோர் இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினார்கள். நான் மணலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒவ்வொருமுறை விழுந்த பின்னரும் மீண்டும் எழுந்து நிற்க எவ்வளவு நேரமாகிறது என்பதை மட்டுமே குறித்தேன். குட்டைக் கூட்டில் ஒருமுறைகூட அடுத்த அலைக்கு முன்னர் அவனால் எழ முடியவில்லை. பழைய கலத்தில் ஐந்து தடவைகளில் மூன்று தடவை எழுந்துவிட்டான். கரைக்கு வந்ததும் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

பழைய சுப்பர் ஜெட் ஒன்றையே வாங்கினான். மிஞ்சிய பணத்தில் பாதம் வழுக்காதிருக்கப் பின்தட்டில் காற்பிடிகளும், உட்புகும் நீரை இறைக்க இரண்டாவது பம்பும் பொருத்தினான். கூடு பிளந்தாலும் மூழ்காதிருக்க உள்ளே இருக்கும் மிதவைப் பஞ்சு நீர் குடித்திருக்கிறதா என்றும் திறந்து பார்த்தான். தேறிய பின்னர் வளைவு கூடிய கூட்டுக்கு மாறலாம் என்ற எண்ணம் அவனிடம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

அக்கா என்னோடு இரண்டு நாட்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, "நான் உன்னை மறிக்கச் சொன்னன். நீ பக்கத்தில நிண்டு வாங்கிக் குடுத்திருக்கிறாய்" என்றார். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. மறித்திருந்தால் எனக்குத் தெரியாமல் அந்தக் குட்டைக் கூட்டை வாங்கியிருப்பான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அது என் நம்பிக்கை மட்டுமே. தாயின் கணக்கு வேறு.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை அவர் எங்களோடு கடற்கரைக்கு வந்தார். காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு இருந்தார். கையிலிருந்த தொலைபேசியில் தம்பி இருந்தான்.

"அக்கா, கடலைக் காட்டாதீங்க" என்றான். "அணியத்தைக் காட்டுங்க, பாப்பம்."

அக்கா கதவைத் திறந்து இறங்கி, மணலில் கிடந்த கலத்தை நோக்கி நடந்தார்.