பட்டி கரைந்த தண்ணீர்

காரைக்கால் பிரதேசத்தில் நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குரும்பகரத்திற்கு நான் சென்ற காலையில், சாலையோரத்துப் பட்டறைக் கொட்டகையில் பள்ளிக்கூட வேன் ஒன்று, கதவுகள் கழற்றப்பட்டு, பாதி மஞ்சளும் பாதி சாம்பலுமாக நின்றுகொண்டிருந்தது. கடல் இவ்வளவு சமீபத்தில் இருக்கும் பிரதேசத்தில் வண்டிகளுக்குப் பரம சத்துரு உப்புக் காற்று. கதவின் அடி விளிம்பிலும் தகட்டின் மடிப்புகளிலும் அது மறைந்திருந்து அரிக்கிறது. மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலோ, ஐஸ் உருகி வழியும் நீர் தரைத் தகட்டையே நாளடைவில் சல்லடையாக்கி விடுகிறது. ஆகவே, இற்றுப்போன பாகத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்துத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலைக்கும், அதன்மேல் மேடுபள்ளம் மறையப் பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்கும் இங்கே ஓய்வென்பதே இல்லை.

பார்க்கிறவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பதே பிரதானமாகத் தோன்றும். உண்மையில் நாட்கணக்கில் நடப்பது தேய்ப்புத்தான். பட்டி காய்ந்ததும் முரட்டு உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, பின்பு வாட்டர் பேப்பரால் நீர் விட்டு ஒரு தேய்ப்பு, பிரைமர் அடித்தபின் மறுபடியும் ஒன்று. தாளின் பற்களில் தூள் அடைத்துக் கொள்ளாமலும், தகட்டில் கீறல் விழாமலும் இருக்க வேண்டுமானால், தேய்க்கிற கைக்கு அடியில் நீர் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

"முன்னெல்லாம் ஓஸைத் தொறந்து கூரைமேல போட்டுட்டுத் தேய்ப்போம் ஐயா, மத்தியானம் வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும்" என்றார் பட்டறைப் பெரியவர். அந்த ஓஸைத் திறக்கச் சொல்லி ஒரு 10 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆவதற்குள் வாளி நிரம்பி வழிந்தது. ஒரு காலைப்பொழுதுக்கு அது எத்தனை வாளியாகும் என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வேதனையாயிருந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007 ஆம் வருஷத் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது இந்தக் காரைக்கால் பூமிக்கு, ஒதுக்கியது 7 டி.எம்.சி.; 2018 இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை மாற்றவில்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணை தாண்டி, எத்தனையோ மதகுகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, கடைசியாக வந்து சேருகிற கடைமடை இது.

பெரியவர் வழக்கத்தை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் சட்டமல்ல, அவருடைய தொழில் ஞானமே. பட்டறையின் போர் தண்ணீர் வரவர உப்பாகிவிட்டது. "போர் தண்ணி காஞ்சா உப்புப் பூக்கும். அதும்மேல பெயிண்ட் அடிச்சா கொஞ்ச நாள்ல கொப்புளம் விட்டுடும், வண்டிக்காரன் சண்டைக்கு வருவான்." பெயிண்டின் மெல்லிய தோலுக்கு அடியில் சிக்கிய உப்பு, வெளியிலுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உப்புவதைத்தான் அவர் சொன்னார். நல்ல தண்ணீரைக் கேனில் வாங்கிக் கழுவ நேர்ந்த பிறகு, ஒவ்வொரு குவளையும் கணக்குக்கு வந்தது. அத்துடன், தேய்த்த தண்ணீர் பால்போல் ஓடி வாய்க்கால் கரையில் வெள்ளையாய்ப் படிவதைப் பார்த்து, அவருக்கு மாமன் முறையாகும் பக்கத்து வயல்காரர் ஒருநாள் வந்து, "இதைத்தானே மாப்பிள்ளை என் நாத்தங்காலுக்குப் பாய்ச்சணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

இப்போது தேய்ப்புக்கு ஓஸைத் திறப்பதில்லை. ஒரு வாளி, ஒரு ஸ்பாஞ்சு. அழுக்குத் தண்ணீரைப் பீப்பாயில் ஊற்றி இராமுழுதும் அசையாமல் விட்டால், காலையில் பட்டித்தூள் அடியில் களிமண்போல் இறங்கியிருக்கிறது. மேலே தெளிந்ததை முகர்ந்து முதல் நீர்த் தேய்ப்புக்கே மறுபடியும் உபயோகிக்கிறார்கள். ஸ்பிரே கன் கழுவிய தின்னரையும் மண்ணில் கொட்டாமல் மூடியுள்ள டின்னில் தெளியவைத்து, அடுத்த முறை முதல் அலசலுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீரே வேண்டாம், உலர்வாகத் தேய்க்கலாமே என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. தூசியை உடனுக்குடன் உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் அது நல்ல யோசனைதான். அது இல்லாத கொட்டகையில் உலர்வாகத் தேய்ப்பது, பதினெட்டு இருபது வயதுப் பிள்ளையின் நுரையீரலைச் செலவழித்துத் தண்ணீரை மிச்சம் பிடிப்பதாகும் என்பதே என் அபிப்பிராயம்.

அந்த வேனின் மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு வர்ணங்களுக்கு ஈயக் குரோமேட் வெகுகாலமாகச் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாதென்று 2016 இல் விதி செய்து, 2017 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். வாகனப் பெயிண்டு அந்த விதிக்குள் வரவில்லை. பழைய மஞ்சளைத் தேய்த்தெடுத்த நீரில் என்ன கரைந்திருக்கிறதென்பது கண்ணுக்குத் தெரியாது.

பீப்பாயின் அடிக்கசடை வெயிலில் உலர்த்திச் சாக்கில் அள்ளுகிறார்கள். பெயிண்டுக் கசடை 2016 ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகள் பட்டியலிட்டிருக்கின்றன. அங்கீகாரம் பெற்றவர்களிடமே அதை ஒப்படைக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைக்கு அது சாத்தியம். சில மாதங்களுக்கு ஒரு சாக்கு சேர்க்கிற ஒற்றைக் கொட்டகைக்காக எந்த லாரி வரும்? சுற்றுவட்டாரப் பட்டறைகளின் சாக்குகளை வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஓரிடத்தில் வாங்கிக்கொள்ள கொம்யூன் பஞ்சாயத்து ஏற்பாடு செய்தால் போதும். அதற்குப் பெருந்தொகை எதுவும் ஆகாது.

"இதைக் குப்பையில போட மனசு வரலீங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் சாக்கின் வாயைச் சணலால் கட்டி, சாரல் படாத மூலையில் பழைய டயர்களின் மேல் தூக்கி வைத்தார். அங்கே ஏற்கனவே மூன்று சாக்குகள் இருந்தன.