கப்பலேறி வந்த சுவை

உலகின் பெருநகரங்களில் நாள்தோறும் புதுப்புது உணவுகள் தோன்றுகின்றன. அவற்றைப் பெரிய ஓட்டல்களின் சமையற்கலைஞர்கள்தாம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பலரும் எண்ணுகிறோம். ஊரை இழந்து வந்தவர்களின் அடுப்பிலும் புதுமை பிறக்கும் என்பதற்குச் சென்னையின் அத்தோவே சான்று.

என் பாட்டி ரங்கூனில் பிறந்தவர். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. அதன்பின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற்போயின. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினர். ஒன்பது வயதில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய பாட்டியின் குடும்பத்திடம் ஒரு தகரப்பெட்டி மட்டுமே இருந்ததாம்.

அவ்வாறு வந்தவர்களின் பிழைப்புக்காக, 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் உருவாயிற்று. அப்பகுதித் தள்ளுவண்டிகளில் அத்தோவும் இடம்பிடித்தது. அவித்த நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் சேர்த்துக் கையால் பிசைந்து, மேலே மொறுமொறுவென்ற பேஜோவை நொறுக்கித் தூவுவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப்! பர்மாவின் மீன்குழம்பு உணவான மொஹிங்காவின் உறவு அது. தொடக்கத்தில், “இதென்ன புழுப்போல!” என்று சிரித்தவர்களும் உண்டாம். இன்றோ வியாசர்பாடி முதலிய இடங்களிலும் மாலை நேரத்தில் அத்தோக் கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் பாட்டியை அங்கு அழைத்துச் செல்வதுண்டு. “ரங்கூன் வீட்டுக்கு இனி நான் எங்கே போகப்போகிறேன், கண்ணு? நாக்காவது போய் வரட்டுமே!” என்பார். அப்போது அவர் கண்கள் கலங்கும். காரத்தால் அன்று என்பதை நான் அறிவேன்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் ரொட்டியைக் குடைந்து, உள்ளே குழம்பு ஊற்றி, ‘பன்னி சௌ’ என்னும் உணவைப் படைத்தனர். சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் சீன நூடுல்ஸை நம் மசாலாவுடன் வறுத்து மீ கோரெங் ஆக்கினர். அந்நாட்டு உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

நம் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் புட்டும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் மணக்கின்றன. சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்திருக்கின்றனர். அவர்கள் சாப்பாட்டைக் கண்டு சிலர் முகஞ்சுளிக்கும்போது எனக்கு அந்தப் ‘புழு’ என்ற சொல்தான் நினைவுக்கு வருகிறது.

தோழியரே! பக்கத்திலிருப்பவள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மூக்கைப் பொத்த வேண்டாம். ஒரு வாய் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். அது எந்த ஊர்ச் சமையல் என்றும் கேளுங்கள். உலகைச் சுற்றிப்பார்க்க எல்லோருக்கும் வசதி வாய்ப்பதில்லை. ஆனால் உலகமே நம் ஊருக்கு உணவுப் பொட்டலத்துடன் வந்திருக்கிறதே!