வரை என்னும் சொல்

'வரைதல்' என்றவுடன் தாளும் எழுதுகோலுமே இன்று நினைவுக்கு வருகின்றன. ஆயினும், அச்சொல்லின் பொருட்பரப்பு மிக விரிந்தது. கோடு இடுதல், எழுதுதல், எல்லை குறித்தல், அளவுபடுத்துதல், மணந்துகொள்ளுதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். பெயர்ச்சொல்லாக நின்று 'வரை' மலையைக் குறிக்கும். 'காலை முதல் மாலை வரை' என்னும்போது எல்லையைக் காட்டும்.

அகப்பொருள் இலக்கணத்தில் 'வரைவு' என்பது திருமணம். களவில் ஒழுகும் தலைவனிடம், தலைவியை விரைந்து மணந்துகொள்ளுமாறு தோழி வற்புறுத்துவதை 'வரைவு கடாதல்' என்பர். ஊரறியாது வளர்ந்த அன்புக்கு ஊரறிய ஓர் உறுதியைக் கேட்கிறாள் அவள். அலர் தூற்றும் ஊரில் தலைவியின் வாழ்வே அவ்வுறுதியைச் சார்ந்திருந்தது.

வண்ணம் தீட்டப்பெறாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரத்தைப் பழந்தமிழர் 'புனையா ஓவியம்' என்றனர். தலைவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்து வாடும் அரசிக்கு அதனை உவமையாக்குகிறது நெடுநல்வாடை. ஓவியம் தீட்டுவதற்கும் கண்ணுக்கு மையிடுவதற்கும் ஓலையில் பொறிப்பதற்கும் 'எழுதுதல்' என்னும் ஒரே வினை வழங்கியமையும் எண்ணத்தக்கது. எழுத்தும் ஓவியமும் அம்மொழி வழக்கில் உடன்பிறந்தவை.

இக்காலத்தில் வரைவு, அலுவலகங்களிலும் குடிபுகுந்துள்ளது. சட்டத்தின் முதல் வடிவம் 'சட்ட வரைவு' எனப்படுகிறது. வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானதும், தம் பெயர் அதில் உள்ளதா என மக்கள் தேடுகின்றனர்; இல்லையெனில் திருத்தம் கோருகின்றனர். வரைவு, திருத்தத்திற்கு இடமளிப்பது என்பதே அதன் சிறப்பு. ஆனால், எல்லாக் கோடுகளும் எளிதில் திருத்தத்தக்கவை அல்ல. நில அளவைப் படத்தில் ஒரு கோடு சற்றே விலகினாலும், தலைமுறைகளாக உழவர் ஒருவர் உழுதுவந்த வரப்போர நிலம் பிறருக்குரியதாகிவிடக்கூடும். அப்படத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு, தம் நிலம் சுருங்கிய செய்தியே காலங்கடந்துதான் தெரியவரும். ஆகவே, வரையும் கைக்குத் திறமையைப் போலவே நேர்மையும் வேண்டும்.

அச்சொல்லின் எதிர்மறை வடிவத்தையும் தமிழ் போற்றியிருக்கிறது. இன்னார்க்கு, இவ்வளவு என எல்லை வகுக்காமல் வழங்குவதை 'வரையாது கொடுத்தல்' என்றனர் முன்னோர். நிலத்திற்கும் சட்டத்திற்கும் எல்லை தேவை. ஈகைக்கு அது தேவையில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவு 'வரை' என்னும் அச்சிறு சொல்லிலேயே பொதிந்துள்ளது.