மடவையின் ஈரல் சொல்வது

நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்க வரும் மயிலாப்பூர்க்காரர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் பைக்குள் போகும். மடவை என்றால் மட்டும் சிலர் கூடுதலாகக் கேட்பார்கள்: "கடல் மீனா, ஆத்து மீனாம்மா?" நியாயமான கேள்விதான். மீன் எப்போது செத்தது என்பதைச் செவுள் காட்டும். எந்தத் தண்ணீரில் வாழ்ந்தது என்பதைக் காட்டாது.

அதற்கு ஈரலைப் பார்க்க வேண்டும். சென்னை பாரதி மகளிர் கல்லூரி உயிர்வேதியியல் துறையினர் எண்ணூர், கோவளம் முகத்துவாரங்களின் மடவைகளைப் பிடித்து ஈரல் செல்களை ஒப்பிட்டார்கள். ஆலைக்கழிவு கலக்கும் எண்ணூர் மீனில் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு அதிகம் அரிக்கப்பட்டிருந்தது. இரும்பு துருப்பிடிப்பதுபோல, இதுவும் ஆக்சிஜன் செய்யும் வேலை. அதைத் தடுக்கும் குளுட்டத்தையோன் குறைந்திருந்தது. கெட்டுப்போகும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் 'வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70' கூடியிருந்தது. பெயரில்தான் வெப்பம், நஞ்சு தாக்கினாலும் செல் இதை உருவாக்கும்.

அந்த மீன் சாகவில்லை. சாகாமல் இருப்பதற்கே பாடுபட்டுக்கொண்டிருந்தது.

அடையாறு முகத்துவாரத்தில் மீன்கள் செத்து மிதந்தால் ஊரே பேசும். நீந்திக்கொண்டே நலியும் மீனை யார் பார்க்கிறார்கள்? ஆற்றுத் தண்ணீரை இறைத்து மீன் வளர்ப்பவர்கள், தீனி குறையாமல் எடுத்தும் எடை ஏறவில்லை என்றால், தீனியை மாற்றும் முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.