கால் விரற்கடை

ஜிம்னியின் முன்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மேஸ்திரி நாலு விரலைச் சேர்த்து நுழைக்கிறார். தாராளமாகப் போகிறது. ஸ்டியரிங்கை முழுக்க இடதுபுறம் ஒடிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே பார்க்கிறார். பிறகு வலதுபுறம். இப்போது விரல் பம்பரின் உள்மூலைக்குப் போகிறது, அங்கே இரண்டுதான் நுழைகிறது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்கிறார். தீர்ப்பு முடிவாகிவிட்டது என்று அந்தத் தட்டலிலேயே தெரிகிறது. பையனுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

"எரநூத்தி முப்பத்தஞ்சே போட்டுரலாங்ண்ணா."

"போடலாந் தம்பி. போட்டா திரும்பறப்ப உள்ளார ஒரசும். அப்பறம் ஸ்பிரிங் மாத்தோணும், ஷாக் மாத்தோணும். டயர் வாங்க வந்தீங்களா, வண்டி வாங்க வந்தீங்களா?"

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலையில், ஈச்சனாரி தாண்டி இருக்கிறது கடை. வீல் அலைன்மென்டுக்குக் காரை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கென்று போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் நான். அடுத்ததில் பையனின் அப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் பேனாவோடு ஒரு டயர் கேஜும் எட்டிப் பார்க்கிறது. தோப்புக்காரர், டிராக்டர் வைத்திருப்பவர். வந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலேயே இந்தச் செலவு தனக்குப் பிடிக்கவில்லை என்பதைக் கடை முழுக்கப் பரப்பியிருந்தார்.

ஜிம்னி 2023 சூனில் இந்தியச் சந்தைக்கு வந்த வண்டி. ஏணிபோல் சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் இழுவை. மலைக்கும் சேற்றுக்கும் பிறந்த உடம்பு. கம்பெனியிலிருந்து வரும் டயர் 195/80 ஆர் 15. வாங்கியவர்களில் பலருக்கு முதலில் கண்ணை உறுத்துவது இதுதான்: உடம்புக்கேற்ற கால் இல்லை. சேற்றில் ஒருநாளும் இறங்காதவர்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பெரிய டயர் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பள்ளத்துக்காக வாங்குவதில்லை என்பது என் எண்ணம். நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து போகும் அந்தப் பத்தடிக்காகத்தான் வாங்குகிறார்கள். அதில் தப்பும் இல்லை.

மேஸ்திரி சிமென்ட் தரையில் சாக்பீஸால் எழுதுகிறார். அகலம் 195, பக்கச்சுவர் அதில் 80 சதவீதம்: 156. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே பதினைந்து அங்குல ரிம்மின் 381. ஆக மொத்தம் 693 மில்லிமீட்டர் உயரம். அதற்குக் கீழே 215/75. கூட்டினால் 703 சொச்சம்.

"ஒரு செமீ வித்தியாசம்," என்கிறான் பையன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"வண்டி அதுல பாதிதானுங்க தூக்கும். அச்சு நடுவுல இல்ல இருக்குது?"

ஐந்து மில்லிமீட்டர். ஒரு விரற்கடையில் கால் பங்கு. பையன் சாக்பீஸ் எழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் அந்தக் கால் விரற்கடைக்கு ஒரு மதிப்பு உண்டு. முழு அச்சு வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உடம்புதான் மேலே போகும். அச்சோடு உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும், கல்லில் இடிப்பதும் அதுதான். அதை மேலே தூக்க டயரால் மட்டும்தான் முடியும். இதை மேஸ்திரி வாயால் சொல்லவில்லை. வண்டிக்கடியில் கையை விட்டு அந்த உருண்டையை இரண்டு தட்டு தட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

அப்பா முதல்முறையாகப் பேசுகிறார். "மைலேஜ் கொறையுமுங்களா?"

"மீட்டர்ல கொறஞ்ச மாதிரி காட்டுமுங்க. சக்கரம் பெருசானா சுத்து கொறையுமில்லீங்களா? ஆயிரம்னு காட்டறப்ப நெசத்துல ஆயிரத்துப் பதினஞ்சு ஓடியிருக்கும். டயர் கனமுங்கறதால நெசமாலுமே கொஞ்சம் கொறையும்."

"அப்பறம் எதுக்குடா கண்ணு இது?"

பையன் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய பதிலும் இல்லை. 1.5 லிட்டர் எஞ்சின், 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கனமான சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் அதற்குக் கூடுதல் வேலை. 235க்குப் போயிருந்தால் ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும்.

ரிம்மைப் பையன் ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டான். கறுப்பில் நாலு, அதே பதினைந்து அங்குலம், அகலம் மட்டும் ஓர் அங்குலம் கூட. மேஸ்திரி டயரைத் தொடவில்லை. வெறும் ரிம்மை எடுத்துப்போய் முன் ஹப்பில் வைத்து, இரண்டு நட்டைக் கையாலேயே போட்டுச் சுற்றிவிட்டார். நடு ஓட்டை ஹப்பில் சரியாக உட்காருகிறதா, உள்விளிம்பு பிரேக் காலிப்பரைத் தொடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். டயரை ஏற்றிக் காற்றடித்த பிறகு பொருந்தாது என்று தெரிந்தால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். பிறகு மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, ரிம் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்தார். கொஞ்சம் வருகிறது. சேறு கதவில் அடிக்கும் என்றார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் போலீஸ் கண்ணிலும் படும். வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து மாற்றிக் கட்டிய வண்டிக்காரர்கள் செக்போஸ்ட் கண்டால் சற்று விறைப்பாகவே உட்காருகிறார்கள்.

டயர் வந்தது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருசம். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். உரமூட்டையில் தேதி பார்த்துப் பழகிய கண். எதிலும் குறை காண முடியாததில் அவருக்கு லேசான வருத்தம்.

மாட்டுகிற வேலையை விவரிக்க அதிகமில்லை. சோப்புத் தண்ணீர், மெஷின், காற்று, விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது அடுத்தடுத்து இரண்டு வெடிச்சத்தம். பேலன்ஸிங்கில்தான் ஆளின் தரம் தெரிந்தது. மூன்றாவது சக்கரத்துக்கு மெஷின் 90 கிராம் காட்டியது. உதவிக்கு நின்ற ஆள் ஈயக்கட்டியை எடுத்துவிட்டார். மேஸ்திரி தலையசைத்தார். காற்றை முழுக்க இறக்கி, டயரை ரிம்மின் மேலேயே அரைவட்டம் திருப்பி, மறுபடி காற்றடித்து ஏற்றினார். இப்போது 35. டயரின் கனமான பக்கமும் ரிம்மின் கனமான பக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. அவற்றைப் பிரித்துவிட்டார். யாரும் கேட்காத வேலை, பில்லில் ஏறாத வேலை.

நாலும் மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கியாயிற்று. பையன் சாலைவரை போய் நின்று பார்க்கிறான். போனை எடுக்கிறான். கால் விரற்கடை கண்ணுக்குத் தெரியாது. அகலம் தெரிகிறது, கறுப்பு தெரிகிறது, கட்டைகட்டையான வார்ப்பு தெரிகிறது. முகத்தில் நிறைவு.

"ஸ்டெப்னி?" என்றார் மேஸ்திரி.

பின்கதவில் பழைய 195 அப்படியே தொங்குகிறது.

"அது அப்பறம் பாத்துக்கலாங்ண்ணா."

"பஞ்சரானா நாலுல ஒண்ணு சின்னதா ஓடும். சின்னது கூட ஒரு சுத்து சேத்திச் சுத்தும். டூ வீல்ல மெதுவா வீட்டுக்குப் போயிரலாம். ஃபோர் வீலப் போட்டீங்கன்னா முன்னும் பின்னும் ஒண்ணாப் பூட்டிக்கும், வேகம் பொருந்தாம கியர்ப்பொட்டிய முறுக்கும்."

பையன் தலையாட்டினான், வாங்கப் போவதில்லை என்கிற தலையாட்டல். நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்துவிட்டார்.

"டிராக்டர்லயும் அதேதானுங்க. முன் டயர மட்டும் வேற அளவுல போட்டு ஒருத்தன் ஃபோர் வீல்ல ஓட்டி, கிரௌன் போச்சு." பையனைப் பார்க்கவில்லை, மேஸ்திரியிடம்தான் சொல்கிறார். "அஞ்சாவதும் போடுங்க. ரிம் பழசே இருக்கட்டும். இதுக்கு அது பத்துமில்லீங்களா?"

"பத்துமுங்க. அஞ்சரை அங்குலத்துலயே உக்காரும்."

இவ்வளவு நேரம் எதற்கென்று கேட்டுக்கொண்டிருந்தவர், செய்வதென்றால் அரைகுறையாகச் செய்யக் கூடாது என்ற கட்சிக்கு மாறிவிட்டார். பின்கதவின் கீலை ஆட்டிப் பார்த்து, இந்தக் கனத்தைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொண்டார். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கச் சொன்னதைப் பில்லின் பின்னால் எழுதியவரும் அவர்தான்.

மீந்தது பழைய டயர் ஐந்து, ரிம் நாலு. ரப்பர் முடிகூட உதிராத டயர்கள். மேஸ்திரி போனில் யாரையோ பிடித்தார். ஆனைமலைப் பக்கம் ஒரு ஜிப்ஸிக்காரர்.

"ஜிம்னி டயருங்க, ரிம்மோட. அஞ்சு போல்ட்டும் அதே தூரந்தான். உங்களுதுல எரநூத்தஞ்சு எழுவதுங்களா ஓடுது? அப்ப இது பெருசுங்க. ரெண்டரை செமீ பெருசு. பன்னெண்டு மில்லிமீட்டர் தூக்குமுங்க. வாங்க, ஒடிச்சுப் பாத்துட்டு மாட்டிக்கலாம்."

பையன் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: "வெலயக் கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்ண்ணா."