ரைன் கரையில் ஒரு குட்டி தேசம்

ஸ்விட்ஸர்லாந்து போகிறவர்களில் பலர், ஒரு மத்தியானப் பொழுதுக்கு லீக்டன்ஸ்டைனையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். தலைநகர் வாடூஸில் பஸ்ஸை விட்டு இறங்குவது, சுற்றுலா அலுவலகத்தில் காசு கட்டி பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்திக்கொள்வது, கோட்டை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. ‘இன்னொரு தேசமும் ஆச்சு!’ நாங்கள் 2024 மே மாதத்தில் அங்கே மூன்று ராத்திரி தங்கினோம். “மூணு ராத்திரியா? அங்கே அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஊர் என்னவோ குட்டிதான். மொத்தமே 160 சதுர கிலோமீட்டர்; நம் சென்னை மாநகராட்சியே 426! ஒரு பக்கம் ரைன் நதி, மறு பக்கம் மலை. விமான நிலையம் கிடையாது. ஸூரிக்கிலிருந்து ரயிலில் ஸார்கன்ஸ் வந்து பஸ் பிடித்தால் சுமார் அரை மணியில் வாடூஸ். செலவுக்கு ஸ்விஸ் பிராங்குதான். ராணுவத்தை 1868-லேயே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் அரச குடும்பம் குடியிருப்பதால் வாசலோடு சரி.

பிள்ளைகளுக்குப் பிடித்தது ரைன் மேலுள்ள பழைய மரப் பாலம். 1901-ல் கட்டியது, மேலே கூரை போட்டிருக்கிறது. நடுவில்தான் எல்லை. ஒரு கால் இங்கே, ஒரு கால் ஸ்விட்ஸர்லாந்தில் என்று நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றார்கள்!

நாங்கள் தங்கியது ட்ரீசன்பெர்க் என்ற மலைக் கிராமத்தில், ஒரு வயதான அம்மாள் நடத்தும் விடுதியில். காலையில் ‘ரிபெல்’ என்று ஒன்று வைத்தார். மக்காச்சோள ரவையைப் பாலும் தண்ணீரும் விட்டு வேகவைத்து ஆறவிட்டு, அப்புறம் வாணலியில் வெண்ணெய் போட்டு உதிர் உதிராக வறுக்கிறார்கள். தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். தாளிக்காத உப்புமா என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்தக் காலத்தில் ஏழைகளின் சாப்பாடாம். இன்று பணக்கார தேசமான இது, இரண்டாம் உலக யுத்தம் வரைக்கும் ஏழை விவசாய நாடுதான். இப்போது ஷான் என்ற ஊரிலிருந்து உலகமெங்கும் செயற்கைப் பல் போகிறது என்று அந்த அம்மாள் சொன்னதும், என் மாமியார் தன் பல்செட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இதுவும் இந்த ஊரோ என்னவோ!”

அப்போதுதான் அந்த அம்மாள் மாமியாரின் விரலில் இருந்த கறுப்பைப் பார்த்து, அடிபட்டதா என்று கேட்டார். ஏப்ரல் 19-ல் போட்ட ஓட்டின் மை! நகத்தில் இன்னும் போகவில்லை. விஷயம் புரிந்ததும் இரண்டு பேரும் வயதைக் கேட்டுக்கொண்டார்கள். இருவருமே 1949-ல் பிறந்தவர்கள். நடுவில் நான்தான் துபாஷி.

“எனக்கு இருபத்தொண்ணு ஆனதும் எழுபத்தொண்ணாம் வருஷ எலெக்‌ஷன் வந்தது. மாமனார் மாட்டுவண்டி கட்டி எங்க எல்லாரையும் அனுப்பினார்” என்றார் மாமியார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தான் முதல் ஓட்டுப் போட்டது 1986-ல், முப்பத்தாறு வயதில் என்றார். பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்று 1971-லும் 1973-லும் அங்கே வாக்கெடுப்பு வைத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஆண்கள் மட்டும். இரண்டு தடவையும் ‘வேண்டாம்’! பிறகு பெண்கள் சிலர், தூங்கும் இளவரசிக் கதையின் பெயரையே வைத்து ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். 1984 ஜூலை 1-ஆம் தேதி மூன்றாவது முடிவு வந்தது. ‘சரி’ என்றவர்கள் 2,370, ‘வேண்டாம்’ 2,251. வெறும் 119 ஓட்டு வித்தியாசம். பனி மலையும் சுத்தமான தெருவும் பார்த்து வாயைப் பிளந்த எனக்கு, இது தொண்டையில் சிக்கிக்கொண்டது.

“உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் போட்டாராம், கேளும்மா” என்று மாமியார் என்னை இடித்தார். கேட்டேன். “சாகும் வரைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை” என்று அந்த அம்மாள் காபியை ஊற்றினார்.

மறுநாள் பஸ்ஸிலேயே மால்பூன் போனோம். சுமார் 1,600 மீட்டர் உயரம். முட்டிவலிக்காரர்களும் கஷ்டமில்லாமல் போகலாம். நிழல் பக்கம் கொஞ்சம் பனி மிச்சமிருந்தது; மாமியார் அள்ளிப் பார்த்தார். குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பால், தயிர், ரொட்டியை சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.